வாட்டம் இல்லாத ஊரில் சாக்கடை: வாசகர் கேள்வி – பதில்

துறைமுகப் பட்டினங்களின் பழைய நகரசுகாதாரம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், கும்பகோணம் பக்கங்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தெருச் சாக்கடை வெள்ளைக்காரன் காலத்துக் கட்டுமானம் என்கிறார்கள். ஒவ்வோர் ஐப்பசிக்கும் பொங்கி வாசலுக்கு வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் ஒழுங்காக ஓடியதா? இப்போதுதான் கெட்டதா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: அன்றைக்கும் அதற்குப் பாடு இதேதான். குறை கொத்தனாரிடம் இல்லை, நிலத்தில் இருக்கிறது. தண்ணீர் ஓட வீட்டுத் தரைக்கு வாட்டம், அதாவது சரிவு, விடுவது போலச் சாக்கடைக்கும் விட வேண்டும். டெல்டாவின் கடலோரத்தில் அந்த வாட்டத்தைக் கொடுக்க நிலத்துக்கு மனசில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 செ.மீ. அகலத்தில் அரைவட்ட அடியுள்ள சிமெண்ட் சாக்கடை பாதி நிறைந்து ஓடுகிறது என்று வையுங்கள். மணலும் கசடும் தங்காமல் போக, தண்ணீர் விநாடிக்கு 0.6 மீட்டராவது நகர வேண்டும். அதற்கு 400-க்கு 1 வாட்டம், அதாவது 400 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம், தேவை. 600 மீட்டர் நீளத் தெரு என்றால் ஒன்றரை மீட்டர் இறக்கம். ஆனால் கடலோரத்தில் கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறங்காத நிலம் உண்டு. அங்கே அதே 600 மீட்டரில் தரை 30 செ.மீ.தான் இறங்கியிருக்கும். தெருத்தலையில் 30 செ.மீ. ஆழத்தில் தொடங்கிய சாக்கடை, தெருவின் கடைசியில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். அந்த இடம் கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர்தான் என்றால் அடிமட்டம் கடலுக்கு அரை மீட்டர் மேலே நிற்கிறது. கார்த்திகையில் ஆறு நிறைந்து ஓடும்போது அதற்குள் தண்ணீர் எங்கே வடியும்? ஆற்றுத் தண்ணீர்தான் சாக்கடைக்குள் ஏறும்.

அவ்வளவு ஆழம் வெட்டப் பணமில்லாத முனிசிபாலிடி நிலத்தின் வாட்டத்தையே சாக்கடைக்கும் வைத்துவிடும். 2000-க்கு 1 வாட்டத்தில் அதே சாக்கடையில் தண்ணீரின் வேகம் விநாடிக்குக் கால் மீட்டர் சொச்சம். மணல் உட்காரும், அதன் மேல் கசடு, அதன் மேல் கொசு. நாகப்பட்டினக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், மற்ற துறைமுகங்களைப் போல வடியும் நேரம் பார்த்துக் கதவைத் திறந்து சாக்கடையைக் கழுவிவிடவும் வழியில்லை.

இதன் மேல் நாமாகச் சேர்த்த கோளாறுகள் மூன்று. ஒன்று, தெருவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய தளத்தைப் பெயர்க்காமல் மேலேயே போடுவது. தெரு உயர்ந்ததும் சாக்கடைச் சுவரை உயர்த்துவார்கள், அடியைத் தொட மாட்டார்கள். இரண்டு, வாசல் பாலத்துக்கு அடியில் குழாய் பதிக்கிறவர் அதைச் சாக்கடை அடிமட்டத்தோடு ஒட்டாமல் நாலு விரல் மேலே வைப்பது. அது ஒரு குட்டி அணைக்கட்டு. மூன்று, வாரிய வண்டலை அன்றே ஏற்றாமல் கரையிலேயே குவிப்பது. அடுத்த மழைக்கு அது பத்திரமாக உள்ளே திரும்பிவிடும்.

உங்கள் தெருவில் எது கோளாறு என்று பார்க்கப் பொறியாளர் வேண்டாம். மழையில்லாத ஒரு நாள், குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு குச்சியோடு நடந்து போங்கள். யாரும் தண்ணீர் விடாத அந்த நேரத்தில் சாக்கடை காய்ந்திருக்க வேண்டும். எங்கே நாலு விரல் தண்ணீர் அசையாமல் நிற்கிறதோ அங்கே அடி பள்ளம் விழுந்திருக்கிறது, அல்லது அதற்கு அடுத்த வாசல் பாலம் உயரமாக இருக்கிறது. குச்சியில் ஆழத்தைக் குறித்து வீட்டு எண்ணோடு எழுதிக் கொடுங்கள். ‘சாக்கடை சரியில்லை’ என்ற மனுவை விட, ‘14-ஆம் எண் வீட்டுப் பாலத்துக்கு மேற்கே 9 செ.மீ. தண்ணீர் நிற்கிறது’ என்ற மனுவுக்கு வேலை நடக்கும். இரண்டு முனைக்கும் உள்ள மட்டத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமென்றால், கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் போதும். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், அதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: நாகப்பட்டினம் முனிசிபாலிடி எப்போது வந்தது? சுகாதாரத்துக்கு எந்தச் சட்டம்? (திருவாரூர் மாணவி)

பதில்: 1865-இல் சென்னை மாகாணத்துக்கு நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே நாகப்பட்டினம், தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி எல்லாம் முனிசிபாலிடி ஆயின. பிறகு 1871, 1884, 1920 ஆண்டுகளின் சட்டங்கள். 1939-இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவிலேயே இந்த வகையில் முதலாவது. தண்ணீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய், திருவிழாக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி அத்தியாயம் உண்டு. நாகூர் கந்தூரிக்கும் கும்பகோணம் மகாமகத்துக்கும் தற்காலிகக் கழிப்பிடம், குடிநீர்த் தொட்டி, ஊசி என்று அதிகாரிகள் ஏற்பாடு செய்ய அந்தத் திருவிழா அத்தியாயம்தான் ஆதாரம்.

கேள்வி: வெள்ளம் வந்தால் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். பாட்டி காலத்தில் ஊதா நிறத்தில் ஏதோ போடுவார்களாம். எது சரி? எவ்வளவு போடுவது? ஒரு தரம் அதிகமாகி, தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. (நாகூர் வாசகி)

பதில்: ஊதா மருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஹான்கின் என்பவர் காலராவுக்காக 1890-களில் பரப்பிய முறை. மாலையில் கரைத்து ஊற்றுவார்கள். காலையில் இளஞ்சிவப்பு மிச்சமிருந்தால் போதும், நிறம் போய்விட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். கண்ணால் பார்க்க முடிகிற அளவுகோல் என்பதுதான் அதன் சௌகரியம். ஆனால் இலை, தழை, சேறு எல்லாம் மருந்தைத் தின்றுவிடும். காலராவைத் தவிர மற்ற கிருமிகளிடம் அதை நம்ப முடியாது. பிளீச்சிங் பவுடரே மேல், அளந்து போட்டால்.

முதலில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிய வேண்டும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்குங்கள். எல்லாம் மீட்டரில். ஒரு மீட்டர் விட்டமுள்ள உறைகிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் 2.355, அதாவது சுமார் 2,355 லிட்டர். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போதும். உங்கள் கிணற்றுக்கு ஆறு கிராம். பலர் ஒரு டம்ளர் நிறையப் போடுகிறார்கள், பிறகு தண்ணீர் நாறுகிறது என்கிறார்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சேறு குளோரினை எவ்வளவு தின்னும் என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். அதற்கு ஹாரக்ஸ் பெட்டி இருக்கிறது. வெள்ளைக்காரப் பட்டாளத்து டாக்டர் ஒருவர் பெயரில் உள்ள இந்தப் பெட்டியைச் சுகாதார ஆய்வாளர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் 200 மி.லி. பிடிக்கும். உள்ளே வட்டக் கோடு போட்ட ஒரு கறுப்புக் கிண்ணம். தலைதட்டி அள்ளினால் இரண்டு கிராம் வரும் கரண்டி. ஒரு கரண்டிப் பவுடரைக் கறுப்புக் கிண்ணத்தில் குழைத்து, கோடு வரை தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளிய விட வேண்டும். வெள்ளைக் கிண்ணங்களில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, தெளிந்த கரைசலை முதல் கிண்ணத்தில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு என்று ஆறு வரை விட்டுத் தனித்தனிக் குச்சியால் கலக்க வேண்டும். அரை மணி கழித்து ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு ஸ்டார்ச் அயோடைடு, குளோரின் மிச்சமிருந்தால் நீலமாகும் கரைசல். எந்தக் கிண்ணம் முதலில் தெளிவாக நீலமாகிறதோ அதன் எண்தான் விடை. மூன்றாவது கிண்ணம் என்றால் 455 லிட்டருக்கு மூன்று கரண்டி, ஆறு கிராம். உங்கள் 2,355 லிட்டருக்கு 31 கிராம். தெளிந்த தண்ணீருக்குச் சொன்னதைப்போல் ஐந்து மடங்கு. ஏன் 455? அது அந்தக் காலத்து 100 காலன்.

போடும் முறையில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டக் கூடாது. வாளியில் குழைத்து முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, ஐந்து பத்து நிமிஷம் விடுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும். அதைக் கிணற்றில் விட்டால் தண்ணீர் கடினமாகி, பருப்பு வேகாது. மேலே தெளிந்ததை வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைத் தண்ணீருக்குள் இறக்கி நாலைந்து முறை வெடுக்வெடுக்கென்று மேலும் கீழுமாக இழுங்கள். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. இரவு எல்லாரும் இறைத்து முடித்த பிறகு செய்வது உத்தமம். அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் மருந்து மிச்சமிருக்கிறதா என்று ஓ.டி. (ஆர்த்தோடொலிடின்) கரைசலில் பார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் நிறம் வர வேண்டும், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதி இருக்க வேண்டும்.

தினமும் இதைச் செய்ய முடியாதவர்களுக்கு இரட்டைப் பானை. ஒரு கிலோ பவுடரும் இரண்டு கிலோ பெருமணலும் லேசாக ஈரப்படுத்திக் கலந்து உள்பானையில் போட வேண்டும். உள்பானையின் வாய்க்குக் கீழே ஒரு செ.மீ. ஓட்டை, கலவை அதற்கு மூன்று செ.மீ. கீழே நிற்கட்டும். அதை வெளிப்பானைக்குள் வைத்து வாயைப் பிளாஸ்டிக் தாளால் கட்டுங்கள். வெளிப்பானையின் ஓட்டை அடியிலிருந்து நாலு செ.மீ. மேலே. தண்ணீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே கயிற்றில் தொங்கவிட்டால், நாளைக்கு 360 முதல் 450 லிட்டர் வரை இறைக்கும் 4,500 லிட்டர்க் கிணற்றுக்கு இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஒரே பானையாக இருந்தால் மருந்து ஒரேயடியாக வந்து உங்கள் பழைய நாற்றம் திரும்பும்.

பவுடர் பழசானால் வெறும் சுண்ணாம்புதான். திறந்த மூட்டையில் குளோரின் பறந்துவிடும். மூக்கைத் துளைக்காத பவுடரை வாங்காதீர்கள். மந்திரி வரும் தெருவில் ஓரத்துக்கு ஓரம் கோடு போடுகிறார்களே, அது கோலம். சுகாதாரம் அல்ல.

கேள்வி: கடலுக்கு அருகே இருக்கும் எங்கள் கிணறு இனிக்கிறது. அரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சித்தப்பா வீட்டுக் கிணறு உப்பு. எப்படி? (வேளாங்கண்ணி வாசகர்)

பதில்: மணல்மேட்டில் இறங்கிய மழைத் தண்ணீர், அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர். மட்டத்தை ஒரு அடி இறக்கினால் அடியில் உப்பு 40 அடி ஏறி வரும். மேட்டில் ஆழமில்லாத கிணறும் வாளியும் சகடையும் இருந்தவரை இது பொறுத்துக்கொண்டது, மோட்டார் பொறுக்காது. சித்தப்பா வீடு களிமண் பள்ளத்தில் இருக்கும், அங்கே மழை இறங்குவதே இல்லை. உங்கள் கிணற்றை ஆழப்படுத்தச் சொல்லி யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: அப்பா ரஜூலா கப்பலில் பினாங்கு போனபோது வைத்திருந்த மஞ்சள் புத்தகத்தில் இரண்டு ஊசிக்கான முத்திரை இருக்கிறது. துறைமுகத்தில் என்ன சோதித்தார்கள்? தாத்தா காலத்தில் ‘கேம்ப்’ என்று ஒன்றில் அடைத்து வைத்தார்களாமே? (திருமருகல் வாசகி)

பதில்: ஒன்று பெரியம்மை, ஒன்று காலரா. உலகச் சுகாதார நிறுவனம் 1951-இல் வகுத்த விதிகளின்படி காலரா ஊசி, போட்டு ஆறு நாள் கழித்துச் செல்லுபடியாகத் தொடங்கி ஆறு மாதம் செல்லுபடியானது. அம்மை குத்தியது மூன்று ஆண்டு செல்லுபடியானது. முதல் தடவை குத்தினவர் எட்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு ஊசியைக் கடைசியில் போட்டவர்கள் கரையில் நின்றது இதனால்தான். முத்திரை இல்லாத கையெழுத்தும் செல்லவில்லை. புத்தகத்தில் தேதியைப் பாருங்கள், கப்பல் ஏறிய நாளுக்கும் அதற்கும் இடைவெளி தெரியும்.

தாத்தா காலத்துக் கதை வேறு. மலேயாத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம்கள் இருந்தன. இலங்கைக்குப் போகிறவர்களுக்கு மண்டபம். பெயர் பதிவு, மருத்துவச் சோதனை, குளியல், துணிகளை நீராவியில் வைப்பது, அம்மை குத்துவது, பிறகு யாருக்காவது வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வருகிறதா என்று சில நாள் காவல். நோய் உடம்பில் ஒளிந்திருக்கும் காலத்தைக் கரையிலேயே கழித்துவிடுவதுதான் நோக்கம். 1951 விதிகள் அதைக் காலராவுக்கு 5 நாள், பிளேக்குக்கு 6, பெரியம்மைக்கு 14 என்று வைத்தன. பினாங்கில் ஜெரஜாக் தீவிலும் சிங்கப்பூரில் செயிண்ட் ஜான் தீவிலும் மறுபடி ஒரு காவல் இருந்தது. கங்காணி முறையில் (தோட்டத்து மேஸ்திரியே ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பது) ஆள் எடுத்து அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது.

அன்றைக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்கவில்லை. கரைக்குத் தள்ளி நங்கூரம் போட்டது, ஆளும் மூட்டையும் படகில் போய் வந்தன. எலி கயிற்றில் ஏறாமல் தகரத் தட்டு மாட்டும் வேலை இதனால் மிச்சம். ஆனால் ரங்கூன் அரிசி மூட்டைக்குள் எலி படகேறி வந்தால் தட்டு என்ன செய்யும்? 1896-இல் பம்பாயில் பிளேக் தொடங்கியதும் அடுத்த ஆண்டே தொற்றுநோய்ச் சட்டம் போட்டார்கள். வெனிஸில் கூடிய நாடுகளும் இந்தியக் கப்பல்களை நெருக்கின. கப்பல் ஏறுகிறவன் நாக்கை நீட்டச் சொன்ன அரசாங்கம், அவன் விட்டுவந்த தெருவில் சாக்கடைக்கு வாட்டம் இருக்கிறதா என்று அந்த அவசரத்தோடு கேட்கவில்லை.

கேள்வி: கக்கூஸ் என்பது டச்சு வார்த்தையா? பழைய நாளில் எடுப்புக் கக்கூஸ் (ஆள் வந்து வாளியில் அள்ளிப் போகும் கக்கூஸ்) கழிவை எங்கே கொண்டு போனார்கள்? (மன்னார்குடி, நாகப்பட்டினம் வாசகர்கள்)

பதில்: ஆம், டச்சுக்காரரின் ‘கக்ஹாய்ஸ்’ (kakhuis). சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு 1690 முதல் நாகப்பட்டினமே தலைமையிடம், 1781-இல் ஆங்கிலேயர் பிடிக்கும் வரை. இலங்கையிலும் மலாய் மொழியிலும் இதே சொல் இருப்பதால், நாகப்பட்டினம்தான் கொடுத்தது என்று உரிமை கொண்டாட முடியாது.

கழிவு ஊருக்கு வெளியே அகழிக்குப் போனது. சும்மா கொட்டி மூடியவை ஈக்காடு ஆயின. 1939-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆச்சாரியா உருவாக்கிய முறை வந்தபின் அது எரு ஆனது. ஊர் எல்லைக்கு அரை மைல் தள்ளி, மூன்று அடி ஆழம், ஐந்து முதல் எட்டு அடி அகலத்தில் குழி. அடியில் 15 செ.மீ. குப்பை, அதன் மேல் 5 செ.மீ. மலம், மறுபடி குப்பை என்று தரைக்கு மேல் 30 செ.மீ. வரை. கடைசி அடுக்கு 25 செ.மீ. குப்பை, மேலே மண். ஒரு வாரத்தில் உள்ளே 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறும், இரண்டு மூன்று வாரம் நிற்கும். கிருமியையும் புழுவையும் கொல்வது அந்தச் சூடுதான். நாலிலிருந்து ஆறு மாதத்தில் எரு தயார். சரியாகப் போட்ட குழியின் மேல் நடந்தால் கால் புதையாது. புதைந்தால் மலம் அதிகம், குப்பை குறைவு.

டெல்டாவில் மூன்று அடி தோண்டினால் அடைமழை மாதங்களில் ஊற்று வந்துவிடும். தண்ணீர் நின்ற குழி சூடாகாது, அழுகும். மேட்டுத் திடலில் போட வேண்டும், இல்லையென்றால் பங்குனி முதல் ஆவணி வரைக்கும்தான். கொல்லையில் இரட்டைக் குழிக் கழிப்பறை கட்டுகிறவர்களுக்கும் இதே கவலை. கிணற்றுக்கு 15 மீட்டராவது தள்ளுங்கள். ஊற்று மட்டம் உயரும் கார்த்திகையில் ஒரு முறை அளந்து பார்த்துவிட்டுக் குழியின் ஆழத்தை முடிவு செய்யுங்கள், சித்திரையில் பார்த்தது ஏமாற்றும்.

இந்த முறைகளை எழுதியவர்கள் அடுக்கின் கனத்தைச் செ.மீ. கணக்கில் சொன்னார்கள். வாளியைத் தலையில் சுமந்தவருக்குக் கையுறை பற்றி எழுதவில்லை. பரம்பரைத் தொழில் என்று சில சாதிகளின் மேல் கட்டிவிட்ட வேலை அது. தடைச் சட்டம் 1993-இல்தான் வந்தது. 2013-இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.

கேள்வி: கொள்ளுப்பாட்டி இறந்த பதிவைத் தேடி எடுத்தோம். காரணம் ‘காய்ச்சல்’ என்று மட்டும் இருக்கிறது. என்ன காய்ச்சல்? (காரைக்கால் எல்லையிலுள்ள வாசகர்)

பதில்: ஆங்கிலேயர் பகுதியில் கிராம முன்சீப் எழுதிய பதிவு என்றால், அது டாக்டர் சொன்ன காரணம் அல்ல. காலரா, அம்மை, பாம்புக்கடி போன்றவை கண்ணுக்குத் தெரியும். மற்ற எல்லாம் ‘காய்ச்சல்’ பத்தியில் விழுந்தன: நிமோனியா, டைபாய்டு, பிரசவக் காய்ச்சல் வரை. அதே வாரத்தில் அதே ஊரில் இன்னும் எத்தனை பேர் என்று அடுத்த வரிகளைப் படியுங்கள். பத்துப் பேர் என்றால் தொற்று. ஒருவர்தான், அதற்கு முன் ஒரு மாதத்துக்குள் அந்த வீட்டில் பிறப்புப் பதிவு இருக்கிறது என்றால் பிரசவம்தான் என்று சந்தேகப்படலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் பிரெஞ்சு முறை. 1880-இல் கொம்யூன்கள் (பிரெஞ்சு நகராட்சிகள்) வந்ததிலிருந்து ‘மேரி’யில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், தேடுங்கள். பெற்றோர் பெயர், தொழில், சாட்சி பெயர் எல்லாம் கிடைக்கும்.

கேள்வி: கும்பகோணத்தில் யானைக்கால் ஏன் அவ்வளவு? சாக்கடையில் எண்ணெய் ஊற்றுவது பயன்படுமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: மேலே சொன்ன வாட்டக் குறைதான். யானைக்காலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரை விரும்பும், ஓடாத சாக்கடை அதற்கு மாமியார் வீடு. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரத்துக்கு ஒரு தரம் சாக்கடையை முழுக்கக் காலி செய்தால் சுற்று அறுந்துவிடும். பத்து நாளுக்கு ஒரு தரம் என்றால் செய்த வேலை வீண். எண்ணெய் மேலே படலமாகப் படர்ந்து கொசுப்புழுவின் மூச்சை அடைக்கும். குப்பை மிதந்தால் படலம் கிழிந்துவிடும், ஆகவே குப்பையை வாரிய பிறகே ஊற்ற வேண்டும். செப்டிக் டாங்க் காற்றுக்குழாயின் வாயில் கொசுவலைத் துணி கட்டினீர்களா என்று பாருங்கள், பல வீடுகளில் கொசு அங்கிருந்துதான் வருகிறது.

இரத்தச் சோதனையை இரவு எட்டு மணிக்கு மேல் எடுக்கிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். கொசு பரப்பும் யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்த ஓட்டத்துக்கு வரும், பகலில் எடுத்தால் இல்லை என்றே காட்டும். ஏற்கெனவே கால் வீங்கியவர்கள் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். இடுக்கில் வரும் சேற்றுப்புண் வழியாகக் கிருமி புகுந்துதான் அந்தக் குளிர்காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கும்.